மலை ஓடுதளத்துக்கு ஏற்ற சிறு விமானம்: கட்டுப்படியாகும் விலையில் பார்த்து வாங்க

சித்திரை மாத மதியம். காரைக்குடியில் வெயில் 40 பாகை. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடிதான். ஆனால் அந்த வெயிலில் இங்கே ஒரு சிறு விமானம் நின்றால், அதன் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் கிடைக்கிற காற்று 3,300 அடி உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். இதற்குப் பெயர் அடர்த்தி உயரம். கடல் மட்டத்தின் இயல்பு வெப்பம் 15 பாகை. ஆயிரம் அடி ஏற ஏற 2 பாகை குறையும். ஓர் இடத்தின் இயல்பு வெப்பத்தைவிட இன்று எத்தனை பாகை கூடுதலோ, அதை 120-ஆல் பெருக்கி அந்த இடத்தின் உயரத்தோடு கூட்டினால் அடர்த்தி உயரம் அடியில் வந்துவிடும்.

இதே கணக்கை மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜான்சன் கிரீக் என்றொரு புல் ஓடுதளம் இருக்கிறது. மலைப் பறப்பு பழகுகிறவர்கள் தொடக்கத்தில் போகிற இடங்களில் ஒன்று. உயரம் 4,933 அடி, நீளம் 3,400 அடி. கோடையில் அங்கே 32 பாகை அடித்தால் அடர்த்தி உயரம் 8,100 அடியைத் தாண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை இழக்கும். 145 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் போட்ட எஞ்சின் அங்கே 110 குதிரைதான் தரும். விற்பவர் பேசுவது கடல் மட்டத்து எண்களை. நீங்கள் வாங்கப்போவது இந்த 110-ஐ.

யாருக்காக இந்தக் குறிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறோம். வள்ளல் அழகப்பர் லண்டன் குரோய்டனில் விமானம் ஓட்டிச் சான்று பெற்றவர். போர்க்காலத்தில் போட்ட ஓடுதளமும் செட்டிநாட்டில் உண்டு. பறக்கும் ஆசை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் சொந்தச் சிறு விமானத்தை ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் இறக்கி ஏற்றுகிற வழக்கமும் அதற்கான பொது ஓடுதளங்களும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில்தான் இருக்கின்றன. அங்கே குடியேறி உரிமம் எடுத்துவிட்ட நம் பிள்ளைகள், நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கலாமா என்று யோசிக்கும்போது பார்க்கவேண்டியவை இங்கே இருக்கின்றன.

முதலில் தராசு, பிறகு விமானம்

எந்த மாடல் என்று தேடுவதற்கு முன்னால் உங்கள் சுமையை எழுதுங்கள். ஆள் எடையைத் துணி, ஷூ, ஜாக்கெட்டோடு எடுங்கள். கூடாரம், படுக்கை, கருவிப்பெட்டி, முதலுதவி, இரண்டு நாளுக்குத் தண்ணீர் எல்லாம் தராசில் ஏறட்டும். ஊரிலிருந்து ஆச்சி கொடுத்துவிட்ட மாவுருண்டை, சீப்புச்சீடை டின் கூட 5 கிலோ பிடிக்கும், அதையும் எழுதுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. தலா 75 கிலோவில் இருவர்: 330 பவுண்டு. சாமான் 30 கிலோ: 66 பவுண்டு. அவசரகாலப் பை 10 கிலோ: 22 பவுண்டு. மணிக்கு எட்டரை காலன் குடிக்கும் எஞ்சினுக்கு 3 மணி நேர எரிபொருள் சுமார் 25 காலன். விமானப் பெட்ரோல் ஒரு அமெரிக்க காலன் 6 பவுண்டு என்பதால் 150 பவுண்டு. ஆக மொத்தம் 568 பவுண்டு.

இதை மூன்று விமானங்களில் ஏற்றிப் பார்ப்போம். பைப்பர் சூப்பர் கப் என்ற இருவர் விமானத்தின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,750 பவுண்டு. பெரிய டயர், கூடுதல் டாங்க், ரேடியோ என்று சேர்த்துச் சேர்த்து வெற்று எடை, அதாவது ஆளும் சாமானும் எரிபொருளும் ஏறாத எடை, 1,200-ஐத் தொட்டுவிட்ட விமானங்கள் சந்தையில் நிறைய. 1,200-உம் 568-உம் 1,768. கூடாரத்தோடு இருவர் கிளம்பும்போதே வரம்பு தாண்டியாயிற்று. மலை விமானம் என்றாலே எல்லாரும் கைகாட்டும் சூப்பர் கப்பின் நிலை இது. செஸ்னா 170பி-யின் வெற்று எடை 1,300 என்று வையுங்கள். உச்ச எடை 2,200. அதே சுமையோடு 1,868 பவுண்டில் புறப்படலாம், வரம்புக்கு 332 பவுண்டு கீழே. 60 கிலோவில் இன்னும் இருவரை ஏற்றினால் 2,132. சட்டப்படி சரி, ஆனால் சூடான மலையில் 145 குதிரைக்கு அது பாரம். 1962 முதல் 1969 வரை வந்த செஸ்னா 182-இன் உச்ச எடை 2,800 பவுண்டு, வெற்று எடை 1,700 அளவில் இருக்கும். மணிக்கு 13 காலன் குடிப்பதால் எரிபொருள் எடை 84 பவுண்டு கூடும். நால்வரையும் சாமானையும் ஏற்றினாலும் 2,616-இல் நிற்கும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வெற்று எடையை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். அறுபது ஆண்டுப் பழைய விமானத்தின் எடைத்தாளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காகிதத்திலேயே கூட்டிக் கழித்துக்கொண்டு வந்திருப்பார்கள். உண்மையில் தராசில் ஏற்றினால் ஐம்பது அறுபது பவுண்டு கூடி நிற்பது சாதாரணம். கடைசியாக எப்போது எடை போட்டார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் முன்பணம் கொடுக்கும்போதே, தராசில் ஏற்றிக் காட்டவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

ஓடுதளக் கணக்கு

கையேட்டில் உள்ள டேக்-ஆஃப் தூரம் புது விமானத்துக்கும், தேர்ந்த விமானிக்கும், காய்ந்த தார்ச்சாலைக்கும் உரியது. அதை மலைக்கு மாற்றப் பெருக்கிகள் இருக்கின்றன. உயரம் ஆயிரம் அடிக்கு 10 விழுக்காடு. அந்த உயரத்தின் இயல்பைவிட வெப்பம் 10 பாகை கூடினால் 10 விழுக்காடு. காய்ந்த புல் 20, ஈரப்புல் 30. எடை 10 விழுக்காடு ஏறினால் தூரம் 20 ஏறும். 2 விழுக்காடு ஏற்றச் சரிவுக்கு 10. இவற்றைக் கூட்டக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புக்காக 1.33-ஆல் இன்னொரு முறை பெருக்கவேண்டும்.

50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,500 அடி என்று கையேடு சொல்கிற விமானத்தை எடுத்துக்கொள்வோம். இடம் 5,000 அடி உயரம், 25 பாகை வெப்பம், காய்ந்த புல். உயரத்துக்கு ஐந்து முறை 1.1 போட்டால் 2,416. அங்கே இயல்பு 5 பாகை, 20 பாகை கூடுதல் என்பதால் வெப்பத்துக்கு இரண்டு முறை 1.1 போட்டால் 2,923. புல்லுக்கு 3,508. பாதுகாப்புக்கு 4,665 அடி. ஜான்சன் கிரீக்கின் 3,400 அடி இந்த விமானத்துக்கு அந்த எடையில் பத்தாது. வழி இரண்டுதான்: எடையைக் குறைப்பது, அல்லது விடியற்காலைக் குளிரில் கிளம்புவது. மலைக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

விமானங்களை ஒப்பிட இரண்டு எண்கள் போதும். ஒரு குதிரைத்திறன் எத்தனை பவுண்டைத் தூக்குகிறது, ஒரு சதுர அடி இறக்கை எத்தனை பவுண்டைத் தாங்குகிறது என்பவை. 150 குதிரை சூப்பர் கப்பில் இவை 11.7-உம் 9.8-உம். செஸ்னா 182-இல் 12.2-உம் 16.1-உம். செஸ்னா 170பி-யில் 15.2-உம் 12.6-உம். 160 குதிரை பைப்பர் ட்ரை-பேசரில் 12.5-உம் 13.6-உம். முதல் எண் சிறிதாக இருந்தால் நன்றாக ஏறும். இரண்டாவது சிறிதாக இருந்தால் மெதுவாக இறங்கும். 170பி அழகாக இறங்கும், ஏறத்தான் திணறும். இறங்கிவிட்ட இடத்திலிருந்து கிளம்ப முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படிப்பட்ட விமானத்தில்தான் நடக்கிறது. 170பி வாங்கினால் 180 குதிரை எஞ்சின் மாற்றியதாகப் பாருங்கள், இல்லையென்றால் இருவருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெதுவாகப் பறப்பதற்கு இன்னொரு பயன் உண்டு. பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே வந்து முன்னால் மலை அடைத்தால் திரும்பியாகவேண்டும். 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பினால் அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 1,100 அடி. 90 நாட்டில் அதுவே 2,500 அடி. மெதுவாகப் பறந்தும் நிலைகுலையாத விமானம் பாதிக்கும் குறைவான இடத்தில் திரும்பிவிடும். 30 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) 7 விழுக்காடும், 45 பாகையில் 19 விழுக்காடும், 60 பாகையில் 41 விழுக்காடும் கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

எதை வாங்கலாம்

நல்ல நிலையில் உள்ள சூப்பர் கப் இன்று ஒரு லட்சம் டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. செஸ்னா 180-உம் 185-உம் மலைக்கு அருமையானவை, விலையும் அதற்கேற்றபடி. கட்டுப்படியாகும் விலை என்று தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் ஆசையாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நால்வர் குடும்பம், சாமான், ஓரளவு நல்ல புல் ஓடுதளங்கள் என்றால் எங்கள் தேர்வு பழைய செஸ்னா 182. 230 குதிரை எஞ்சின், மூக்குச்சக்கரம், எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமான உடல். அதைக் காட்டில் ஓட்டமுடியாது என்று சொல்பவர்கள் பலர். ஆனால் நீளமும் தரையும் ஒழுங்காக உள்ள மலை ஓடுதளங்களில் கோடைதோறும் 182-கள் வரிசையாக நிற்கின்றன.

இருவர், குறைந்த செலவு என்றால் இரண்டு வழி. ஒன்று, ஃபிளாப்போடு (இறங்கும்போது தாழ்த்தும் இறக்கைப் பின்னோரத் தகடு) வரும் 150 குதிரை சிட்டாப்ரியா, மாடல் எண் 7ஜிசிபிசி. மெதுவாக இறங்கும், பராமரிப்பு எளிது. மற்றொன்று பைப்பர் ட்ரை-பேசர், அல்லது அதையே வால்சக்கரத்துக்கு மாற்றிய பேசர். விலையில் இது சூப்பர் கப்பில் பாதிகூட வராது; நான்கு இருக்கை, 150 அல்லது 160 குதிரை. குட்டை இறக்கை என்பதால் எஞ்சினைக் குறைத்ததும் கல் போல இறங்கும். அதைத் தெரிந்து ஓட்டினால் குறையில்லை. கையில் இருக்கும் காசுக்கு மலையில் அதிகம் பலன் தருவது இதுதான் என்பது எங்கள் கருத்து.

180 குதிரை போட்ட செஸ்னா 172 நடுவழி. மால் (Maule) நிறுவனத்து விமானங்களில் நல்லவை உண்டு. துணியும் குழாய்ச் சட்டமும் யார் கையில் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தே விலை பேசவேண்டும். ஸ்டின்சன் 108 விலை குறைவு, பறக்க இனிது. ஆனால் ஃபிராங்க்ளின் எஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடி அலையவேண்டும். முதல் விமானமாக வேண்டாம்.

வால்சக்கரமா மூக்குச்சக்கரமா என்ற விவாதம் தீராதது. கல்லும் குழியுமான மணல்திட்டில் வால்சக்கரத்துக்கு ஈடில்லை. ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், முறியும் மூக்குக்கால் கிடையாது. அதற்கு விலையும் உண்டு: தனிப் பயிற்சி, தனி ஒப்புதல், முதலாண்டில் ஏறிய காப்பீட்டுத் தொகை, தரையில் சுழன்று இறக்கை உரசும் ஆபத்து. 200 மணிக்கும் குறைவாகப் பறந்தவர் விலை பேசும் முன் காப்பீட்டாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. சில நேரம் காப்பீட்டுத் தொகையே மாடலை முடிவு செய்துவிடும்.

வாங்கும் முன் சோதனை

நம் பக்கம் பழைய வளவு வீடு வாங்குகிறவர் முகப்பின் வேலைப்பாட்டைப் பார்த்து விலை பேசமாட்டார். உத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார், ஓட்டுக்கடியில் ஒழுகல் கறை தேடுவார். விமானத்திலும் புதுப் பெயின்ட்டைக் கடைசியில் பாருங்கள்.

சோதிக்கும் மெக்கானிக் அந்த விமானத்தை இதுவரை பராமரித்தவராக இருக்கக்கூடாது; அந்த மாடலில் கை பழகியவராக இருக்கவேண்டும். அவருக்கு முன்னால் லாக்புத்தகங்களை நீங்களே ஒரு முழுநாள் உட்கார்ந்து படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை மணி பறந்திருக்கிறது என்று பென்சிலில் குறித்துக்கொண்டே வாருங்கள். நான்கு ஆண்டுக்குச் சேர்த்து 20 மணி என்று இருந்தால் அங்கே நிறுத்துங்கள். லைக்கமிங் நிறுவனத்து எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. விமானம் சும்மா நின்றால் எண்ணெய் கீழே வடிந்து கேம் காய்ந்துவிடும். ஈரக்காற்றில் துரு பிடிக்கும். பிறகு ஓட ஓட அந்தத் துருக்குழி கேமையும் லிஃப்டரையும் அரைத்துத் தின்னும். "ஓவர்ஹால் ஆகி 300 மணிதான்" என்று பெருமையாகச் சொல்லப்படும் எஞ்சின், அந்த 300 மணியை இருபது ஆண்டில் ஓடியிருந்தால் அது புது எஞ்சின் இல்லை.

எஞ்சினின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதே வழி. ரம்பத்தால் அறுக்காதீர்கள், ரம்பத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். இதற்கென்று இருக்கும் சுழல் வெட்டியால் மேல்மூடியைச் சுற்றி வெட்டுங்கள். உள்ளிருக்கும் மடிப்புத் தாளைக் கத்தியால் இருபுறமும் அறுத்து எடுத்து, வைஸில் இறுக்கி எண்ணெயைப் பிழியுங்கள். பிறகு வெள்ளைத் துணியின் மேல் பிரித்து, மடிப்பு மடிப்பாக விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மணல் போன்றது கரி, விரலில் தேய்த்தால் நொறுங்கும். மினுக்கும் துகள் தெரிந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், லிஃப்டர், சிலிண்டர் சுவர், ரிங். ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டன் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். இரண்டொரு துணுக்குக்குப் பயப்படவேண்டியதில்லை. மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் ஓவர்ஹால் செலவு முழுவதையும் விலையில் கழித்துக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

கம்ப்ரெஷன் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள். 80 பவுண்டு அழுத்தம் கொடுத்து எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். எண்ணைக் காட்டிலும் காற்று எங்கே கசிகிறது என்பதே பெரிய செய்தி. புகைக்குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. கூடவே போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வட்டம் வட்டமாக ஒரே சீராக நிறம் படிந்திருந்தால் நலம். ஓர் ஓரம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்த வால்வு கருகத் தொடங்கிவிட்டது.

உடலைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு தீராத வியாதி உண்டு.

செஸ்னா 182-க்கு அது ஃபயர்வால், எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தகடு. மூக்குச்சக்கரத்தில் வலுவாக இறக்கியிருந்தால் அந்தத் தகடு மடங்கும். எஞ்சின் மூடியான கௌலிங்கைத் திறந்து, மூக்குக்கால் பொருத்தியிருக்கும் கீழ்ப்பகுதியில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத அலைமடிப்பு பக்க ஒளியில் நிழலாக எழும். ரிவெட்டுகளைச் சுற்றி மையிட்டதுபோல் கறுப்புக் கசிவு இருக்கிறதா பாருங்கள். தளர்ந்த ரிவெட் உராய்ந்து உதிர்த்த தூள் அது. பிறகு உள்ளே ரடர் மிதிகளுக்கு அடியில் விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டையும் தடவுங்கள். மடிப்பு இருந்தால் ப்ரொப்பெல்லரும் தரையைத் தொட்டிருக்கலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பதிவு லாக்புத்தகத்தில் இருக்கவேண்டும்.

பழைய 182-இன் இறக்கைக்குள் ரப்பர் பை டாங்க். பையில் மடிப்பு விழுந்தால் தண்ணீர் அங்கே ஒளிந்துகொள்ளும். ஒரு முறை வடித்துப் பார்த்துவிட்டு, இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டி, வாலை அமுக்கிவிட்டு மறுபடியும் வடியுங்கள். இரண்டாம் முறை தண்ணீர் வந்தால் பை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

செஸ்னா எதுவானாலும் இருக்கையின் தண்டவாளத்தைப் பாருங்கள். இருக்கையைப் பூட்டிவிட்டு இரண்டு காலாலும் உதைத்துப் பின்னால் தள்ளுங்கள். பூட்டுத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், டேக்-ஆஃபில் மூக்கைத் தூக்கும்போது இருக்கை வழுக்கிப் பின்னால் போகும். விமானி கையில் பிடித்த கட்டுப்பாட்டையும் இழுத்துக்கொண்டே போவார். விமானம் ஸ்டாலாகி விழும். உயிர்கள் போயிருக்கின்றன. இதற்கென்றே கட்டாயச் சோதனை ஆணை இருக்கிறது. செய்ததற்கான கையொப்பத்தைத் தேடிப் பாருங்கள்.

பைப்பர் விமானங்களில் இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கும். இதற்கும் கட்டாய ஆணை உண்டு. ஸ்ட்ரட்டின் கீழ்நுனியில், தண்ணீர் தேங்கும் பகுதியில், அழுத்த அளவுள்ள குத்துக்கருவியை வைத்துக் குத்திப் பார்ப்பார்கள். நல்ல தகடு பள்ளம் விழாமல் தாங்கும். பள்ளம் விழுந்தால் மாற்றியே ஆகவேண்டும். அடைத்து மூடிய புது ரக ஸ்ட்ரட் போட்டிருந்தால் திரும்பத் திரும்பச் செய்யும் இந்தச் சோதனை நின்றுவிடும். அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். கூடவே வாலருகே துணிக்கடியில் ஓடும் கீழ்க்குழாய்களை விரலால் அழுத்தி, தட்டிப் பாருங்கள். மழைநீர் கடைசியில் வந்து தங்குவது அங்கேதான்.

பழைய சிட்டாப்ரியாவின் இறக்கைக்குள் மர ஸ்பார், இறக்கையின் நீளத்துக்கு ஓடும் உத்திரம். மரத்தின் நாருக்குக் குறுக்கே மயிரிழை போல ஓடும் விரிசல் தேடுங்கள்; நாரோடு ஓடுவதைவிட இது கொடியது. இறக்கையின் அடியில் உள்ள சோதனைத் துளைகளில் விளக்கும் கண்ணாடியும் விட்டுப் பார்க்கவேண்டும். ரிப் எனும் குறுக்கு விலா எலும்புகளின் ஆணிகள் கழன்று துருத்தினால் இறக்கை எங்கோ அடிபட்டிருக்கிறது. உலோக ஸ்பார் மாற்றியதானால் நிம்மதி.

வால்சக்கரச் செஸ்னாவில் தரைச்சுழற்சியின் தழும்பைத் தேடுங்கள்: இறக்கை நுனி மாற்றம், முன்சக்கரக் கால் பொருந்தும் பெட்டியில் ஒட்டுத்தகடு. பழுது ஒழுங்காகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. காட்டில் ஓடிய விமானத்தில் தழும்பே இல்லை என்று யாராவது சொன்னால்தான் கூர்ந்து பார்க்கவேண்டும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் 100 இருந்தால் விமானத்துக்கு 65-ஐத் தாண்டாதீர்கள். முதலாண்டில் வெளிப்படும் பழுதுகளுக்கு 15, காப்பீட்டுக்கும் கொட்டகைக்கும் 10, மலைப் பறப்புப் பயிற்சிக்கு 10. முழுத் தொகையையும் விமானத்தில் போட்டுவிட்டுப் பயிற்சிக்குக் காசில்லாமல் நிற்பதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. எஞ்சினுக்கும் மணிக்கு இவ்வளவு என்று ஒதுக்கவேண்டும். 35,000 டாலர் ஓவர்ஹால், 2,000 மணி ஆயுள் என்றால் ஒரு மணிக்கு 17.50 டாலர். இந்தத் தொகை பெட்ரோல் செலவோடு கலக்காமல் தனிக்கணக்கில் ஏறட்டும்.

மாற்றங்களுக்கு ஆசைப்பட்டால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் பெரிய டயரும் நல்ல பிரேக்கும். அடுத்து ஏறுவதற்கேற்ற குறைந்த பிட்ச் ப்ரொப்பெல்லர். நேர்ப்பறப்பின் வேகம் குறையும், தரையோட்டம் சுருங்கும். பிறகு இறக்கைமேல் ஒட்டும் சிறு சுழற்காற்றுத் தகடுகள். எஞ்சின் மாற்றம் கடைசி. ஏற்கெனவே எல்லாம் செய்து முடித்த விமானத்தை வாங்குவது பெரும்பாலும் மலிவு. முந்தைய உரிமையாளர் போட்ட காசில் பாதிகூட விலையில் திரும்பாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் தாள் இருக்கவேண்டும். தாள் இல்லாத மாற்றத்தைக் கழற்றச் சொன்னால் செலவு உங்கள் தலையில்.

கூட்டாக வாங்குவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. பங்காளிகளே ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்: மாதப் பங்கு, மணிக்கட்டணம், யார் இறக்கும்போது சேதமானால் யார் தருவது, ஒருவர் விலகினால் பங்கின் விலையை எப்படிக் கணிப்பது. ஆண்டுக்கொரு முறை ஐந்தொகை போட்டு நால்வரும் கையொப்பமிடுங்கள். நான்கு பேருக்கு மேல் சேர்த்தால் கோடைச் சனி ஞாயிறுகளில் சண்டை வரும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் தம் பெயரில் அங்கே விமானத்தைப் பதிவு செய்ய முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவர் ஒருவர் பங்கில் சேர்ந்தாலும் பதிவு சிக்கலாகும். டிரஸ்ட் மூலம் பதிவு செய்யும் வழி உண்டு, அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் இதை முடித்துக்கொள்ளுங்கள். அதே சூட்டில் விமானத்தின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்ற உரிமைத் தேடலையும் செய்துவிடுங்கள்.

வாங்கியபின் முதல் மணிகள்

நேராக மலைக்குப் பறக்கவேண்டாம். 5,000 அடி நீளத் தார் ஓடுதளம் ஒன்றில், முதலில் இருவரோடும் அடுத்த நாள் முழுச்சுமையோடும் பறந்து, எத்தனை அடியில் சக்கரம் தரையை விடுகிறது, எத்தனை அடியில் நிற்கிறது என்று ஓர விளக்குகளைக் கொண்டு அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை. அதில் மோசமானதே உங்கள் எண். மலையில் முதல் நாள் பயிற்றுநரோடு, காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு வெப்பம் ஏறும், பள்ளத்தாக்கில் காற்று புரளும். ஓடுதளத்தின் நடுவை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து முன்கூட்டியே அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். தரையை விடும் வேகத்தில் 70 விழுக்காடு அந்த இடத்தில் வந்திருக்கவேண்டும்; 60 நாட்டில் எழும் விமானத்துக்கு 42 நாட். ஊசி அதைத் தொடாவிட்டால் த்ராட்டிலை இழுத்து, நிறுத்தி, ஓர் ஆளையோ சாமானையோ இறக்கிவிட்டு, இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.